கிதாரில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று காலை ஏழரை மணிக்குக் கார்த்திகேசன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவனுடைய டிரில்லிங் மெஷின் சாமியாகிவிட்டிருந்தது.

சுவரோரம் பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவன் மனைவி ஜெயப்பிரியா வீட்டில் ஆயுதம் என்று பேர் சொல்லக்கூடிய அத்தனையையும் வரிசையாக வைத்துப் பூஜையை முடித்திருந்தாள். ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மனை, கத்திரிக்கோல், ஸ்கூட்டர் சாவி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கும், வயர் பற்றவைக்கிற சால்டரிங் அயன். நடுவில் டிரில்லிங் மெஷின். அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி கறுப்பு எலக்ட்ரிக் கிதார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எதிரே பொரியும் கடலையும். அறை முழுக்கச் சூடம் எரிந்த வாசனை.

"இன்னா ஜெயா இது? டிரில் எனக்கு இப்போ வோணுமே."

"பூஜையில வெச்சாச்சுங்க. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

ஜெயப்பிரியா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா முப்பத்திரண்டு வருடம் அங்கே வெல்டர். அந்த வீட்டில் பொங்கலைக்கூடப் பாதியாய்க் கொண்டாடுவார்கள், ஆயுத பூஜையில் மட்டும் ஒரு குறை இருக்காது. பூஜையில் வைத்த சாமானுக்கு அன்றைக்கு ஓய்வு. மறுநாள் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் அவளை அசைக்க முடியாது என்பது கார்த்திகேசனுக்குக் கல்யாணமான முதல் வருடமே தெரியும். தெரிந்தும் நேற்று ராத்திரி டிரில்லை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைக்க மறந்து தூங்கிவிட்டான். அது அவனுடைய முதல் தப்பு. அன்றைக்கு அவன் செய்த தப்புகளில் அதுதான் சின்னது.

நேற்று மதியம்தான் மனோகரன் போன் பண்ணியிருந்தார். மனோகரன் சென்னை பாடியில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். பதினைந்து வருடமாகக் கார்த்திகேசன் அவர் குழுவில் கிதார் வாசித்தவன். பகலில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிட்டர், சாயங்காலமானால் கச்சேரி. போன நவம்பரில், தகட்டை அழுத்தி வெட்டும் ஏழாம் நம்பர் பிரஸ் அவனுடைய இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் பாதியோடு வாங்கிக்கொண்டது. கை உள்ளே இருந்தால் இறங்காமல் நிற்க வேண்டிய பிரஸ் அது. அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது, வேலை தடைபடுகிறது என்று சூப்பர்வைசர் கோவிந்தராஜ் ஒரு வாரமாக அதை அணைத்து வைத்திருந்தார். விசாரணைத் தாளில் மட்டும் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டார். கார்த்திகேசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு கிடந்து அதைப் படித்தான். விரல் போனதைவிட அந்த இரண்டு வார்த்தைதான் அவனை அறுத்தது. இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது சில நாள் அது ஞாபகம் வந்து, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான்.

கிதாரில் இடது கை விரல்கள்தான் தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும். அது போயிற்று. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம் இருந்தன, மீட்டும் வில்லையைப் பிடிக்க அது போதும். ஆகவே மனிதன் கிதாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டு, தந்திகளை மாற்றிக் கட்டி, வலது கைக்குப் பாடம் ஆரம்பித்தான். மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதம். வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை, இடது கைக்கு எல்லாம் தெரிந்தும் பிரயோஜனமில்லை. அயனம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை, வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து கிதார். ஜெயப்பிரியா ஒரு நாளும் போதும் என்று சொன்னதில்லை.

"இப்போ கிதார் வாசிக்கிற அசோக்குக்கு டெங்கு, கார்த்தி. நாளைக்கு ஆயுத பூஜை கச்சேரி ஒண்ணு கீது, எஸ்டேட்ல. நீ வாசிக்கிறியா?" என்றார் மனோகரன். கொஞ்சம் தயங்கிவிட்டு, எந்தக் கம்பெனி என்பதையும் சொன்னார். அவன் பழைய கம்பெனிதான். "உனக்குச் சங்கடம்னா வோணாம், நான் வேற பார்த்துக்கறேன்."

"வரேன் அண்ணாத்தே," என்றான் கார்த்திகேசன். யோசிக்கவே இல்லை.

அந்த மேடையில் அவன் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கோவிந்தராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரில் நின்று வாசிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் 'ஐயோ பாவம்' என்பார்கள். அந்த ஐயோ பாவத்தைக் கேட்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

நிற்க வேண்டுமென்றால் கிதாரைத் தோளில் மாட்ட வேண்டும். வாரை மாட்டும் குமிழ், கிதாரின் கழுத்தோரம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளில் மேல் கொம்பில் இருப்பது வழக்கம். திருப்பிப் பிடித்ததால் அது கீழே போய்விட்டது, மாட்டினால் கிதார் தலைகுப்புறக் கவிழும். ஆகவே மறுகொம்பில் ஒரு துளை போட வேண்டும். இன்னொரு தொல்லை, வால்யூம் திருகு. அதுவும் தலைகீழாகி, மீட்டுகிற முழங்கை உராயும் இடத்துக்கு வந்துவிட்டது. நாலு தடவை மீட்டினால் சத்தம் தானாகத் தேய்ந்து காணாமல் போகும். டேப் போட்டு ஒட்டிப் பார்த்தான், வியர்வையில் ஒரு பாட்டுக்குமேல் நிற்கவில்லை. அந்தத் திருகைக் கை படாத இடத்துக்கு மாற்ற இன்னொரு துளை.

நேற்று சாயங்காலமே மார்க்கிங் போட்டு முடித்தான். கிதாரின் முதுகு மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குழி, அதில் வயர்கள். குழியில் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று பட்டர் பேப்பரை முதுகில் வைத்துப் படியெடுத்துக்கொண்டான். கிதாரைத் திருப்பிப் போட்டு, முன்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேப்பரை அதன்மேல் வைத்து, துளை விழ வேண்டிய இடத்தில் ஸ்கிரைபர் ஊசியால் கூட்டல் குறி கீறி, அதன்மேல் பென்சிலும் ஓட்டினான். அதற்குள் இருட்டிவிட்டது. கீழ் வீட்டில் பிள்ளை பிறந்து பதினெட்டு நாள். அந்த நேரத்தில் டிரில் போட்டால் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தான்.

இப்போது காலை. நாலு மணிக்கு மேடையில் இருக்க வேண்டும்.

"ஜெயா, கேளு. நாளைக்கு எனக்கு இந்த டிரில் தேவையே இல்ல. இன்னிக்குத்தான் வோணும்."

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, கற்பூரத் தட்டை நகர்த்திவிட்டு டிரில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவனிடம் கொடுத்தாள். "கிதாரையும் எடுத்துக்கோங்க. அப்பாக்குத் தெரிஞ்சா என்னையத்தான் திட்டுவாரு."

"அயனும் குடு. வயரையெல்லாம் கழட்டிட்டுத் துளை போட்டா சேஃப்."

"அது என்னுது. அதைத் தொடாதீங்க." இதில் அவள் இறங்கி வரவில்லை. "ஒண்ணையாவது விடுங்க."

விட்டுவிட்டான். வயரைக் கழற்றாமல் துளை போடக் கூடாது என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். கார்த்திகேசனுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் குழியில் அந்தப் பக்கம் காலி, வயர் எல்லாம் இந்தப் பக்கம், அவனே படியெடுத்திருக்கிறான். அப்புறம் என்ன பயம்?

கிதாரைப் பாயில் கிடத்தியபோதுதான் பார்த்தான். டேப்பின்மேல் பென்சில் கோட்டைக் காணவில்லை. அதற்குப் பதில் வட்டமாக, அழகாக, ஒரு குங்குமப் பொட்டு.

"மார்க்கிங் எங்க?"

"பூஜைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஈரத்துணியால தொடச்சேன்ல, அதுல அழிஞ்சுபோச்சு. ஆனா பயப்படாதீங்க, அழியறப்பவே பார்த்துட்டேன். அதே எடத்துல பொட்டு வெச்சிருக்கேன். கொம்புலயும் அப்படித்தான்."

வேறு நாளாக இருந்தால் பேப்பரை எடுத்து மறுபடி அளந்திருப்பான். அடுத்தவன் போட்ட மார்க்கை நம்பித் துளை போடுகிறவன் பிட்டரே இல்லை என்று அவனே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் மணி எட்டரை ஆகியிருந்தது, பொட்டு கச்சிதமாக இருந்தது, அவளுடைய கண் சுத்தமானது. ஒரு நாளைக்கு நானூறு சர்க்யூட் போர்டில் எறும்புத்தலை அளவு ஈயம் வைக்கிற கண் அது. சரி என்றான்.

கொம்பில் போட்ட துளை வெண்ணெயில் இறங்கியதுபோல் இறங்கியது. மரத்தூள் சுருள்சுருளாக வந்தது. குமிழைத் திருகி, வாரை மாட்டி, எழுந்து நின்று பார்த்தான். கிதார் கவிழாமல் நெஞ்சில் நின்றது. பதினோரு மாதம் கழித்து முதல் முறையாக நின்றபடி பிடித்திருக்கிறான். கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். ஜெயப்பிரியாவும் சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது வால்யூம் துளை. எட்டு எம்.எம். பிட். பொட்டின் நடுவில் முனையை வைத்து அழுத்தினான். மரம் கொஞ்சம் முனகியது, தூள் கிளம்பியது, பிட் குழிக்குள் இறங்கியது. இறங்கியதும் சத்தம் மாறிவிட்டது. எதையோ பிடித்துச் சுருட்டுகிற சத்தம். அவன் விரலை எடுப்பதற்குள் கிதார் பாயில் ஒரு முறை துள்ளி விழுந்தது.

மெஷினை நிறுத்தி, பிட்டை மெல்ல வெளியே எடுத்தான். சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக வயர்கள் பிட்டைச் சுற்றி நூல்கண்டாய் வந்தன. முதுகு மூடியைத் திறந்து பார்த்தான். தந்திக்கு அடியில் பிக்கப் என்று இரண்டு பட்டைகள் உண்டு, தந்தியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்கி அனுப்புகிறவை. அவை இல்லாவிட்டால் எலக்ட்ரிக் கிதார் வெறும் கட்டை. ஒரு பிக்கப்பின் வயர் அடியோடு பிடுங்கிக்கொண்டு, உள்ளே சுற்றியிருந்த கம்பியும் அறுந்து தொங்கியது. அது இனி பிழைக்காது. இன்னொன்றில் விரற்கடை நீளத்துக்கு மயிரிழைக் கம்பி ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வால்யூம் திருகு இரண்டாகப் பிளந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துக் கையை முதலில் பார்த்ததுபோல் கார்த்திகேசன் அதைப் பார்த்தான்.

"என்னாச்சுங்க?"

அவ்வளவுதான், வாயில் இருந்த பூட்டு உடைந்துவிட்டது.

"இன்னா ஆச்சா? வந்து பாரு. வயர் கீற பக்கம் கொண்டாந்து வெச்சிகீறே பொட்ட. மார்க்கிங்னா இன்னானு தெரியுமாடி உனக்கு? அது சாமிக்கு நெத்தில வெக்கிறதில்ல. ஒரு நூல் தள்ளினா ஆளு காலி. எவன் உன்னத் தொடைக்கச் சொன்னான்? அயனக் குடுத்திருந்தா வயரையாவது கழட்டிருப்பேன். அதையும் குடுக்கல. எட்டு மாசம் ஜெயா. எட்டு மாசம். ஒரு பொட்டுல முடிச்சிட்டே."

"நான் அதே எடத்துலதாங்க..."

"வாய மூடு. கவனம்னு ஒண்ணு கீதா உனக்கு?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மனோகரனுக்குப் போன் போட்டான். "வர முடியாது அண்ணாத்தே. ஊட்ல பூஜை போட்டு மார்க்கிங்க அழிச்சிட்டு, கிதாருக்குப் பொட்டு வெச்சிடுச்சு. அந்தப் பொட்டுல துளை போட்டுட்டேன். எல்லாம் பிச்சிகினு வந்திடுச்சு."

மனோகரன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு பிக்கப் பேசினா போதும், கொண்டா. மூணு மணிக்குள்ள சொல்லிடு. இல்லனா கீபோர்டுலயே ஒப்பேத்திக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கார்த்தி, தப்பா எடுத்துக்காத. இன்னிக்குக் கீபோர்டுல ஓடிடுச்சுனா, அப்புறம் கிதாருக்கு ஆளே தேட மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, கை சும்மா இருக்க முடியாமல், டேப்பை உரித்தான். குங்குமமும் மரத்தூளுமாக டேப் கையோடு வந்தது. அடியில் கறுப்பு வார்னிஷ். அதில் நேற்று ஸ்கிரைபர் ஊசி டேப்பைத் தாண்டி இறங்கிய கீறல் வெள்ளையாகத் தெரிந்தது. கூட்டல் குறி. அதன் நடுவைத் துளை தின்றுவிட்டது. நாலு கைகளும் துளையைச் சுற்றி நாலு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேலை வைத்து அளந்தான். நான்கும் ஒரே நீளம்.

பொட்டு நூல் பிசகவில்லை. அவன் கீறிய இடத்திலேயே, கீறலின் நட்டநடுவில் வைத்திருக்கிறாள்.

அப்படியென்றால் எப்படி? பீரோவின்மேல் மடித்து வைத்திருந்த பட்டர் பேப்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மெல்லப் புரிந்தது. முதுகில் வைத்து வரைந்த பேப்பர். முன்பக்கம் வைக்கும்போது அதைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். வரைந்தபடியே வைத்துவிட்டான். காலியாக இருந்த பக்கம் வயர் இருந்த பக்கமாகிவிட்டது. எட்டு மாதமாக வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றி மாற்றிப் பழகியவன், மாற்ற வேண்டிய ஒரே இடத்தில் மாற்றாமல் விட்டுவிட்டான். கிதாரைத் திருப்பிப் பிடிக்கிற புத்தியில், பேப்பரும் தானாகத் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ.

சமையலறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று எட்டு வைத்தால் சமையலறை. 'ஜெயா, தப்பு என்னுது' என்று மூன்று வார்த்தை. கார்த்திகேசன் பேப்பரை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. வெட்கம்தான். வேறென்ன?

சிறிது நேரத்தில் ஜெயப்பிரியா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. நேரே பூஜைப் பலகையிடம் போனாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சால்டரிங் அயனை எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், புடவைத் தலைப்பால் அதிலிருந்த சந்தனத்தைத் துடைத்தாள்.

"ஜெயா, அத..."

"தள்ளுங்க. லைட்டைப் பிடிங்க."

அவன் மொபைல் டார்ச்சைப் பிடித்தான். அவள் பாயில் குனிந்து, அந்த மயிரிழைக் கம்பியை ஊசி முனையால் நிமிர்த்தினாள். கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடியும் இடுக்கியும் உண்டு. இங்கே புருவத்தைத் திருத்துகிற சாமணம்தான். அயன் சூடேறியதும் ஈயத்தைத் தொட்டு எடுத்து, கம்பி நுனியில் வைத்தாள். கம்பி சுருங்கி ஒடிந்தது. விரற்கடை பாதியாயிற்று.

இரண்டாம் தடவை பிடித்த மாதிரி இருந்தது. இழுத்துப் பார்த்தாள், வந்துவிட்டது. இப்போது நகத்து அளவுதான் மிச்சம். இதுவும் ஒடிந்தால் பிடிப்பதற்குக் கம்பி இல்லை. அவள் அயனைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். கை நடுங்கியது. ஒரு நாளைக்கு நானூறு போர்டு பார்க்கிற கை நடுங்கி அவன் பார்த்ததே இல்லை. காலையில் அவன் பேசிய பேச்சுதான் அந்தக் கையில் உட்கார்ந்து நடுக்குகிறது என்று தெரிந்தது. சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்றும் தெரிந்தது. டார்ச்சைப் பிடித்தபடி நின்றான், சொல்லவில்லை.

மூன்றாம் தடவை அவள் கண்ணை மூடித் திறந்து, மூச்சை அடக்கி, தொட்டு எடுத்தாள். ஈயம் கடுகளவு உருண்டு நின்றது. இழுத்துப் பார்க்கவில்லை, ஊதினாள். நின்றது.

"வால்யூம் திருகு போயிடுச்சு. புதுசு வாங்க இன்னிக்கு ஒரு கடையும் திறந்திருக்காது. நேரா சாக்கெட்டுக்கே குடுத்துடறேன். சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரே சத்தம்தான் வரும். பரவாயில்லையா?"

"பரவால்ல."

ஆம்ப்ளிபயரில் செருகி, ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பைத் தட்டினான். டொக் என்று அறை அதிர்ந்தது. கீழ் வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. அவனுக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

மனோகரனுக்கு வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு இருவரும் வெள்ளானூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். ஜெயப்பிரியா பின்னால் உட்கார்ந்து கிதாரை மடியில் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டாள். ஆவடி தாண்டி, திருமுல்லைவாயல் தாண்டி, வழியெல்லாம் வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், ரோட்டில் உடைத்த பூசணிக்காய்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்ட வேண்டியிருந்தது. அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் நின்றபோது அவள் அவன் முதுகோடு பேசினாள்.

"என் கண்ணுக்கு அந்த மார்க் அங்கதான் இருந்த மாதிரி இருந்துச்சுங்க. ஈரத்துல கோடு கலைஞ்சு தள்ளித் தெரிஞ்சிருக்கும்போல. தப்பா வெச்சிட்டேன். மனசுல வெச்சுக்காம வாசிங்க."

சட்டைப் பையில் மடித்த பேப்பர் நெஞ்சில் குத்தியது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கார்த்திகேசன் வண்டியைக் கிளப்பினான். ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கம்பெனி முற்றத்தில் பந்தல். ஷெட் கதவுகள் திறந்திருந்தன. மெஷின்களுக்கெல்லாம் மாலை, ஒவ்வொன்றின் தலையிலும் எலுமிச்சம்பழம். ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குச் சாமந்தி மாலையை இரண்டு சுற்றாகப் போட்டு, நெற்றியில் சந்தனத்தை அப்பிப் பெரிய பொட்டாக வைத்திருந்தார்கள். அதைத் தாண்டித்தான் மேடைக்குப் போக வேண்டும். ஜெயப்பிரியா அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். மேடை வரை வந்து, கிதாரைக் கொடுத்து, "ஆடாதீங்க. பத்த வெச்சது பிடுங்கிக்கும். நின்ன எடத்துல நின்னு வாசிங்க," என்றாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கோவிந்தராஜ் முன்வரிசையில் புது வெள்ளைச் சட்டையில் இருந்தார். கார்த்திகேசனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தட்டினார். "இன்னா கார்த்தி, நல்லாக் கீறியா? பார்த்து எவ்ளோ நாளாச்சு." அவன் தலையை ஆட்டினான்.

கடவுள் வாழ்த்து கீபோர்டில் முடிந்ததும் மனோகரன் மைக்கைப் பிடித்தார். ஒவ்வொரு வாத்தியக்காரரையும் பற்றி ஒரு ஜோக் சொல்லி அறிமுகப்படுத்துவது அவர் பழக்கம். "கடைசியா, உங்க வீட்டுப் பிள்ளை, நம்ம கார்த்திகேசன். இவன் இன்னிக்கு வாசிக்கறதே பெரிய கதைங்க. துளை போட மார்க் பண்ணி வெச்சானாம். இவன் ஊட்டுக்காரம்மா பூஜைல அத அழிச்சிட்டு, கிதாருக்குப் பொட்டு வெச்சிட்டாங்களாம். இவரும் பக்தியா அந்தப் பொட்டுலயே டிரில் போட்டாராம். கிதார் குளோஸ். பிட்டர் வூட்டுல பொம்பளைங்க மார்க்கிங் போட்டா இதான் கதி."

கூட்டம் சிரித்தது. மார்க்கிங் என்றால் என்னவென்று தெரிந்த ஆட்கள், ஆகவே கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். கோவிந்தராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பெண் ஏதோ கேட்டாள். ஜெயப்பிரியா ஆமாம் என்று தலையசைத்துத் தானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் குனிந்த தலையைக் கார்த்திகேசனுக்குத் தெரியும். போன நவம்பரில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த ஒவ்வொருவரும் 'கவனமா இருந்திருக்கக் கூடாதா' என்று கேட்டபோது, சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஆமாம் என்று அவனும் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு எட்டு வைத்து மனோகரன் கையிலிருந்து மைக்கை வாங்கினான். பதினைந்து வருடத்தில் அவன் மைக்கில் பேசியதில்லை.

"அந்தக் கதை தப்பு," என்றான். "மார்க்கிங் போட்டது நான். பேப்பரத் திருப்பி வெக்காம வுட்டதும் நான்." பையிலிருந்து பேப்பரை எடுத்துக் காட்டினான், அது தூரத்தில் இருப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது. "அவ பொட்டு நூல் பிசகாம இருந்துச்சு. அளந்து பார்த்தேன். காலைலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவ தலைல போட்டுட்டு வாய மூடிகினு வந்துட்டேன். அவ ஏத்துகினா. எனக்கு வசதியாப் போச்சு."

சிரிப்பு நின்றிருந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"தப்பு யாருதுன்னு தெரிஞ்சும் அடுத்தவன் தலைல எழுதிட்டுச் சும்மா இருக்கறது எப்படினு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ரொம்ப சுலபமாக் கீது. அதான் சொல்றேன்." அவன் ஷெட்டுக்குள் ஏழாம் நம்பர் பிரஸ் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். "என்னைய மன்னிச்சிடு ஜெயா."

கைதட்டல் ஒன்றும் எழவில்லை. பின்வரிசையில் ஷிப்ட் ஆட்கள் சிலர் கோவிந்தராஜின் முதுகைப் பார்த்தார்கள். கோவிந்தராஜ் போன் வந்ததுபோல் மொபைலைக் காதில் வைத்தார், ஆனால் எழுந்து போக முடியவில்லை, அந்த வரிசையிலிருந்து வெளியேற மேடையைத்தான் தாண்ட வேண்டும். ஜெயப்பிரியா நிமிர்ந்திருந்தாள். அழுதாளா என்று மேடை விளக்கில் அவனுக்குத் தெரியவில்லை.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் சொன்னபடி நின்ற இடத்தில் நின்றான். வலது கை தந்தியைப் பிடித்தது. இடது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வில்லையைப் பிடித்து மீட்டினான். சத்தம் பந்தலைத் தாண்டி, திறந்திருந்த ஷெட்டுக்குள் போய், மாலை போட்ட மெஷின்களில் மோதித் திரும்பி வந்தது. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது.

சத்தத்தைக் குறைக்கும்படி மனோகரன் அவனைப் பார்த்துக் கையைக் கீழே கீழே காட்டினார். கார்த்திகேசன் தலையை மட்டும் ஆட்டினான். குறைப்பதற்கு அந்தக் கிதாரில் திருகு இல்லை.